கண்ணாடிப் போத்தல் விழுங்கியது

தைப்பூசம் முடிந்து வேலைக்குத் திரும்பிய தீபன், மொட்டைத் தலையில் பூசிய சந்தனம்கூட உதிராமல், ஆய்வுக்கூடத் தலைவர் மனோகரன் சாரின் மேசைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தான். விடுமுறைக்கு முன்தினம் சோதனைப் போத்தலில் மருந்தைக் கலக்காமலே, கலந்துவிட்டதாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டான் என்பது அவன் மேல் குற்றச்சாட்டு. போத்தலில் ஒன்றுமே இல்லை என்று காலையில் இயந்திரம் சொல்லியிருந்தது.

“கலந்தேன் சார். முருகன் மேல சத்தியமா கலந்தேன்.”

“நீ கலந்தியா, முருகன் கலந்தாரான்னு மிஷினுக்குத் தெரியாது லா. ஒன்னும் இல்லன்னு சொல்லுது. அவ்ளோதான்.”

எங்கள் ஆய்வுக்கூடம் சிங்கப்பூர்ப் பாலத்துக்கு இந்தப்புறம், ஜொகூர் பாருவில், கார் பழுதுபார்க்கும் பட்டறைகளுக்கும் ஒரு பிஸ்கட் கிடங்குக்கும் நடுவில் இருக்கிறது. ஆறு, கிணறு, தொழிற்சாலை வாய்க்கால் என்று யார் எந்தத் தண்ணீரைக் கொண்டுவந்து கொடுத்தாலும் அதில் என்ன விஷம் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துச் சொல்வது எங்கள் பிழைப்பு. நாங்கள் சொல்வது சரிதானா என்று எங்களை நாங்களே சோதித்துக்கொள்ளவும் ஒரு வழி உண்டு. சுத்தமான தண்ணீரில் துளி விஷத்தை நாங்களே கலந்து இயந்திரத்துக்குக் கொடுப்போம். கலந்த அளவை அது சரியாகச் சொல்லிவிட்டால் அன்றைய வேலையை நம்பலாம். வழக்கமாகக் காலையில் கலந்து கையோடு கொடுத்துவிடுவோம். காவடி எடுக்கிற அவசரத்தில் தீபன் முன்தினமே கலந்து குளிர்ப்பெட்டியில் வைத்துவிட்டான். பூசத்தோடு வார விடுமுறையும் ஒட்டிக்கொண்டதில் போத்தல் அங்கேயே கிடந்தது. திரும்பி வந்ததும் வேலை மிச்சம் என்று கணக்குப் போட்டிருக்கிறான் பையன். பையன் என்றால் இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன்.

தீபனிடம் குறைகள் நிறைய உண்டு. தாமதமாக வருவான், என் பேனாவை எடுத்துக்கொண்டு போய் எங்கேயாவது வைத்துவிடுவான், வேலை நேரத்தில் பிரீமியர் லீக் பேசுவான். பொய் சொல்லி நான் பார்த்ததில்லை. அதுவும் ஒரு மாதம் விரதம் இருந்து காவடி எடுத்தவன், முதுகில் அலகு குத்திய புண் ஆறுவதற்குள் அந்த முருகன் பெயரிலேயே பொய்ச் சத்தியம் செய்வானா? ஆனால் நான் அவன் பக்கம் சாய்ந்ததற்குக் காரணம் முருகன் இல்லை. அந்தப் போத்தலில் கலக்க வேண்டிய மருந்து பராகுவாட் என்ற களைக்கொல்லி. அந்தப் பெயரைக் கேட்டதுமே எனக்குச் செல்வராணி அக்காவின் குரல் காதில் விழ ஆரம்பித்துவிட்டது.

செல்வராணி அக்கா கோத்தா திங்கி ஊருக்கு உள்ளே தள்ளி, செம்பனை எண்ணெய்த் தோட்டத்துக்கு நடுவில் மிச்சமிருக்கும் ஒரு வரிசை வீடுகளில் இருக்கிறார். தோட்டம் கைமாறி, கைமாறி, இப்போது யாருடையது என்றுகூட அங்கே உள்ளவர்களுக்குச் சரியாகத் தெரியாது. குழாய்த் தண்ணீர் இன்னும் வரவில்லை. செம்பனைக்குள்ளிருந்து வரும் ஓடையில் மோட்டார் வைத்துத் தொட்டிக்கு ஏற்றித்தான் குடிக்கிறார்கள், குளிக்கிறார்கள், சமைக்கிறார்கள். மருந்தடிக்கிற நாட்களில் ஓடைக்கரைப் புல் காய்ந்துபோகிறது, பிள்ளைகளுக்குக் கையில் புண் வருகிறது என்று அரசு அலுவலகத்தில் முறையிட்டிருந்தார். பராகுவாட் அடிப்பதற்கு நாட்டில் தடை வந்து சில வருடங்கள் ஆகின்றன. ஆனாலும் யாரோ பழைய கையிருப்பை அடிக்கிறார்கள் என்பது அக்காவின் சந்தேகம். தண்ணீரில் விஷம் இருப்பதாக ஆய்வு சொன்னால் குழாய் இழுப்பதை முன்னுக்குத் தள்ளலாம் என்று அவருக்குச் சொல்லப்பட்டிருந்தது. நாங்கள் இரண்டு தடவை தண்ணீர் எடுத்து, இரண்டு தடவையும் ‘கண்டறியப்படவில்லை’ என்று எழுதிக் கொடுத்தோம். மூன்றாவது தடவையும் அப்படியே வந்தால் முறையீட்டை மூடிவிடுவார்கள். போன மாதம் அக்கா என்னைக் கூப்பிட்டுக் கோபப்படாமல்தான் கேட்டார். “உங்க மிஷினுக்குக் கண்ணு நல்லாத் தெரியுமாம்மா?”

தெரியும் என்று சொன்னேன். நம்பித்தான் சொன்னேன்.

இப்போது தீபனைப் பார்த்தபோது எனக்கு வேறொரு யோசனை வந்தது. தீபன் கலந்ததும் உண்மை, இயந்திரம் ஒன்றுமில்லை என்று சொன்னதும் உண்மை என்று வைத்துக்கொண்டால்? இடையில் இருந்தது போத்தல் மட்டும்தான். நாங்கள் தினமும் செய்யும் பரிசோதனையில் கலந்த உடனே இயந்திரத்துக்குக் கொடுத்துவிடுகிறோம். தேர்ச்சி பெறாமல் என்ன செய்யும்? ஆனால் செல்வராணி அக்காவின் தண்ணீர் அப்படி வருவதில்லை. அது ஐஸ் பெட்டியில் ஏறி, நெடுஞ்சாலையில் குலுங்கி, எங்கள் குளிர்ப்பெட்டியில் தன் முறைக்காகக் காத்துக் கிடந்துதான் இயந்திரத்துக்குப் போகிறது. எங்கள் பரிசோதனை அந்தக் காத்திருப்பைச் சோதித்ததே இல்லை.

மனோகரன் சாருக்குக் கண்ணாடிப் போத்தல் என்றால் உயிர். பிளாஸ்டிக் அழுக்கு, கண்ணாடிதான் நேர்மை என்பார். எங்கள் போத்தல்களை அமிலத்தில் ஊறவைத்து, அலசி, அடுப்பில் வைத்துச் சுட்டு, வாயில் வெள்ளிக்காகிதம் சுற்றி அடுக்கியிருப்பதைப் பார்க்க வருகிறவர்களைக் கூட்டிப்போய்க் காட்டுவார். இந்த ஆய்வுமுறையே அவர் எழுதியது. அவரிடம் போய் உங்கள் போத்தல்தான் விஷத்தைத் தின்கிறது என்று வெறுங்கையோடு சொல்ல எனக்குப் பைத்தியமா என்ன? மற்ற வேலைகளுக்கு நடுவே, கண்ணாடியில் கொஞ்சம், பிளாஸ்டிக்கில் கொஞ்சம் என்று ஒரே கரைசலை ஊற்றிவைத்தேன். மறுநாள் இரண்டையும் இயந்திரத்தில் ஏற்றினேன். கண்ணாடியில் ஏறத்தாழ எல்லாம் போயிருந்தது. பிளாஸ்டிக்கில் பாதிதான் இருந்தது.

அந்தப் பாதிதான் என்னைப் போட்டு வாட்டியது. முழுதாக நின்றிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன், முழுதாகப் போயிருந்தால் விட்டுத் தொலைத்திருப்பேன். சாப்பிடும்போதும் அதே நினைப்பு. என் வீட்டுக்காரர் மகேஸ்வரன் சிங்கப்பூரில் வேலை, விடியுமுன்னே பாலத்தைக் கடந்து போய் இருட்டியபின் வருகிறவர். அவர் பாட்டுக்கு அன்றைக்குப் பாலத்தில் நின்ற கதையைச் சொல்லிக்கொண்டிருக்க, நான் என் முன்னால் இருந்த கண்ணாடித் தம்ளரையே வெறித்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் உறைத்தது. தண்ணீரைப் பிளாஸ்டிக்கில் வைத்தேன், சரி. இயந்திரத்துக்குள் போகும் சுண்டுவிரல் அளவுச் சின்னக் குப்பி? அதுவும் கண்ணாடி. தங்கள் முறை வரும்வரை அந்தக் குப்பிகள் தட்டில் வரிசையாக நின்று தங்கள் பங்கைத் தின்றிருக்கின்றன. பிளாஸ்டிக் குப்பி எங்கள் கையிருப்பில் இல்லை. சிங்கப்பூரில் ஒரு கடையில் உடனே கிடைக்கும் என்று தெரிந்ததும் வீட்டுக்காரரிடம் வாங்கிவரச் சொன்னேன். “எல்லாரு பொண்டாட்டியும் சாக்லெட் கேப்பாங்க,” என்று முனகிக்கொண்டே மறுநாள் வாங்கிவந்தார்.

குப்பியும் பிளாஸ்டிக் ஆனபிறகு, கலந்தது அப்படியே நின்றது. காத்திருந்தாலும் நின்றது. கடைசியாக ஒன்று செய்தேன். விஷம் காணாமல்போன கண்ணாடிப் போத்தலைக் காலிசெய்து, வெறும் போத்தலில் கொஞ்சம் அமிலம் ஊற்றிக் குலுக்கி, அந்த அமிலத்தைச் சோதித்தேன். தொலைந்துபோன பராகுவாட் அதில் இருந்தது. சுவரில் ஒட்டிக்கொண்டு அத்தனை நேரம் அங்கேயேதான் உட்கார்ந்திருக்கிறது. தீபனைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவன் மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டான், கண் கலங்கியிருந்தது.

மனோகரன் சார் நான் காட்டியதை முழுவதும் பார்த்தார். நம்பவில்லை. நம்பச் சொல்லி நானும் கெஞ்சவில்லை. மேலங்கியை மாட்டிக்கொண்டு, எங்கள் யாரையும் பக்கத்தில் விடாமல், ஆரம்பத்திலிருந்து எல்லாவற்றையும் தன் கையாலேயே செய்தார். அவர் கை நடுங்காத கை, எங்களைவிடச் சுத்தமான கை. அவருக்கும் அதேதான் வந்தது. அதற்கப்புறம் போத்தல் அலமாரி முன்னால் நெடுநேரம் நின்றார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது, ஆனாலும் வாயை மூடிக்கொண்டிருக்கப் போவதில்லை என்று முடிவு செய்திருந்தேன்.

அடுத்த மாதத்திலிருந்து சத்தமில்லாமல் முறையை மாற்றிக்கொள்ளலாம் என்றார். பழையதைக் கிளறினால் கொடுத்த அறிக்கைகளை எல்லாம் கேள்வி கேட்பார்கள், ஆய்வுக்கூடத்தின் பெயர் போய்விடும், இங்கே வேலை செய்கிறவர்களின் பிழைப்பும் போய்விடும் என்றார். அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. நான் செல்வராணி அக்காவின் தொட்டியைப் பற்றிச் சொன்னேன். அடுத்த மாதம்வரைக்கும் அவர்கள் எதைக் குடிப்பது என்று கேட்டேன்.

“அந்த ரிப்போர்ட்ல கையெழுத்து யாரோடது, யோகா?”

“உங்களோடது சார்.”

“மாத்துனா நான்தான மொதல்ல மாட்டுவேன்?”

“ஆமா சார். அதனாலதான் நீங்களே மாத்தணும்னு சொல்றேன். வேற யாராச்சும் கண்டுபிடிச்சு மாத்துனா அது வேற மாதிரி ஆயிரும்.”

அவர் என் தாளை எடுத்து மறுபடி ஒருமுறை படித்தார். பிறகு, மருந்தடிக்காத வேறோர் ஓடையின் தண்ணீரில் கலந்து ஏழு தடவை செய்யச் சொன்னார், ஏழும் நிற்க வேண்டும், ஒன்று தவறினாலும் புது முறையில் கையெழுத்துப் போடமாட்டேன் என்றார். முறைப்படி அதுதான் நியாயம். ஆனால் மழைக்காலத்து ஓடைத் தண்ணீர் எங்கள் குழாய்த் தண்ணீர் மாதிரி சாதுவானதில்லை. நுரைக்க ஆற்றிய பால்தேநீரான தே தாரே நிறத்தில் வந்தது. முதல் சுற்றில் இரண்டு தவறின. சேற்றை வடிகட்டித் தூக்கிப் போட்டுவிட்டு மேல்தண்ணீரை மட்டும் பார்த்திருந்தோம். சேறும் விஷத்தைப் பிடித்துவைத்துக்கொள்கிறது. தீபனும் நானும் சேற்றையும் அமிலத்தில் அலசி எடுக்கப் பழகினோம். அடுத்த சுற்றில் ஒன்று தவறியது. அதற்கடுத்த சுற்றில் ஏழும் நின்றன. இந்த முறை சார் அலமாரிப் பக்கம் போகவில்லை. நேராக வந்து தாளை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். மூன்றாவது தடவை தண்ணீர் எடுக்கத் தானும் வருவதாகச் சொன்னார்.

மழையிலேயே போனோம். செல்வராணி அக்கா குடையோடு ஓடைவரை கூட வந்தார். போன தடவைகளைப்போல வெள்ளிக்காகிதம் சுற்றிய போத்தல் இல்லாமல், சார் பையிலிருந்து பிளாஸ்டிக்கை எடுத்ததைப் பார்த்து, எங்களுக்கும் காசு குறைந்துவிட்டதா என்று கேட்டார். சார் சிரிக்கவில்லை. முன்னால் கொண்டுவந்தது தப்பான போத்தல் என்று அவரிடமே சொன்னார். முழங்கால்வரை சேற்றில் இறங்கி ஓடையில் அவரே எடுத்தார். தொட்டியிலும் ஒரு போத்தல் எடுத்தோம். அக்கா கடுங்காப்பி போட்டுக் கொண்டுவந்தார். எந்தத் தண்ணீரில் போட்டது என்று எங்கள் இருவருக்கும் தெரியும். சார் ஒரு விநாடி கோப்பையைப் பார்த்தார், பிறகு மிச்சம் வைக்காமல் குடித்தார். நானும் குடித்தேன்.

முடிவு வந்த காலையில் தீபனும் நானும்தான் இயந்திரத்தின் முன்னால் இருந்தோம். தட்டையாக ஓடிக்கொண்டிருந்த கோடு, பராகுவாட் வர வேண்டிய இடத்தில் எழும்பியது. ஓடைத் தண்ணீருக்கு எழும்பியது. தொட்டித் தண்ணீருக்கும் எழும்பியது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, மறைப்பானேன். தீபன் மேசையைத் தட்டினான், நான் அவன் முதுகில் தட்டினேன், புண் ஆறிவிட்டிருந்தது. பக்கத்து அறையிலிருந்து சார் வந்து பார்த்துவிட்டு, பழைய இரண்டு அறிக்கைகளையும் திரும்பப் பெறுவதாக எழுதப் போகிறேன் என்றார். அதற்கு முன்னால் அந்த அம்மாவைக் கூப்பிட்டுச் சொல் என்றார்.

வாசலுக்கு வந்து அழைத்தேன். பட்டறையில் யாரோ தகரத்தைச் சுத்தியலால் அடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு காதைப் பொத்திக்கொண்டு, அக்கா, நீங்க சொன்னது சரி, இருக்கு, என்றேன். என் குரலில் இருந்த உற்சாகம் எனக்கே கேட்டது. குழாய்க்கு இனி யாரும் தட்டிக்கழிக்க முடியாது, கடிதம் இன்றைக்கே வரும் என்றும் சொன்னேன்.

“தொட்டியிலயுமா?” என்று கேட்டார்.

“தொட்டியிலயும்தான்கா.”

“கொதிக்க வச்சா போயிருமாம்மா?”

“போவாதுக்கா.”

“இப்பதான் ஒலை வச்சிருக்கேன். கொதிக்குது. அரிசிகூட போட்டுட்டேன்.”

என் உற்சாகமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. இதைக் கண்டுபிடிக்கத்தானே இத்தனை பாடு பட்டேன்? கண்டுபிடித்ததை இப்படி ஒரு அடுப்படிக்குள் கொண்டுபோய்ப் போடப்போகிறேன் என்று எனக்கு ஏன் தோன்றவில்லை? நிறுத்துங்கள் அக்கா, கீழே ஊற்றிவிடுங்கள், குடிதண்ணீர் லாரிக்கு நாங்கள் இப்போதே பேசுகிறோம் என்று சொன்னேன். அவர் அழவில்லை, என்னைத் திட்டவும் இல்லை. போனை எங்கேயோ வைத்தார், ஆனால் துண்டிக்கவில்லை. அடுப்பை அணைக்கும் சத்தம் கேட்டது. பானையை இழுக்கும் சத்தம், பிறகு சிமெண்டுத் தரையில் கொதிதண்ணீர் விழும் சத்தம். ஒரு கதவு திறந்தது.

“காளியம்மா, ஏய் காளியம்மா, தண்ணியத் தொடாத. ஒலைய எறக்கு. அடுத்த வீட்டுக்குச் சொல்லு.”

கொஞ்சம் தள்ளி இன்னொரு பெண் குரல் அதையே திருப்பிச் சொன்னது. அதற்கும் தள்ளி ஒரு ஆண் குரல். ஒவ்வொரு வீடாக அந்தச் சொல் வரிசையில் இறங்கிப்போனது. நான் பட்டறைச் சத்தம் கேட்காதபடி சுவரோடு ஒட்டி நின்று, போனைக் காதில் அழுத்திக்கொண்டு, கடைசி வீடுவரை அது போய்ச் சேருகிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.