கடைசி வீட்டு ஜெனரேட்டர்

புயல் ஓய்ந்து மூன்றாவது நாளாகியும் கரண்ட் வரவில்லை. தெருவின் கடைசி வீட்டில் லேத்காரரின் மனைவி ஆக்சிஜன் மெஷினை நம்பித்தான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். அந்த மெஷினோ, சின்ன சூட்கேஸ் அளவே இருந்துகொண்டு தெருவையே கூட்டுகிற சத்தம் போடும் ஜெனரேட்டரை நம்பி ஓடியது.

லேத்காரர் எதிலும் முன்ஜாக்கிரதைக்காரர். முப்பது வருஷம் லேத் பட்டறையில் இரும்பு கடைந்தும் பத்து விரலும் முழுசாக இருந்தன. புகை வீட்டுக்குள் வராதபடி ஜெனரேட்டரைக் கொல்லையில், சுவரைத் தாண்டி வைத்திருந்தார். ஒரு விஷயத்தில் மட்டும் சறுக்கிவிட்டார். மெஷின்வரை இழுத்த நீள ஒயர் சூடாகிறது என்று, இரண்டு முனையிலும் பிளக் வைத்த ஒயர் ஒன்றைத் தானே செய்து, ஜெனரேட்டரைச் சுவரிலிருந்த பிளக் பாயிண்டிலேயே சொருகினார். வீடு முழுக்க லைட் எரிந்தது. ஆனால் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் சொருக வேண்டும். இல்லாவிட்டால் ஜெனரேட்டர் கரண்ட், வழக்கமாகக் கரண்ட் வரும் வழியிலேயே திரும்பித் தெருக் கம்பிக்குப் போய், தொட்டவரை அடித்துவிடும். அது அவருக்குத் தெரியும். இரண்டு நாளும் மறக்காமல் அணைத்தார்.

அன்று காலை லைன்மேன் தெருவுக்குள் வந்தார். கூப்பிடு தூரத்திலிருந்தே குரல் கொடுத்தார்.

"அண்ணே, அண்ணி எப்படி இருக்காங்க? உங்க பக்கத்துக் கம்பி அறுந்து கெடக்கு. அதைத்தான் முதல்ல பாக்கப் போறேன்."

"நல்லா இருப்பே தம்பி!"

பத்து மணிவாக்கில் பெட்ரோல் தீர்ந்து ஜெனரேட்டர் நின்றது. சூடு ஆறிப் பெட்ரோல் ஊற்றும்வரை சும்மா இருப்பானேன் என்று, கரண்ட் வந்துவிட்டதா பார்க்க மெயினைப் போட்டார். வரவில்லை. அதற்குள் உள்ளே மனைவிக்கு மூச்சு இழுத்தது. உதடு நீலம் பாரித்திருந்தது. ஆபத்துக்கென்று வைத்திருந்த ஒரே சிலிண்டரைத் திறக்கக்கூடத் தோன்றாமல் கொல்லைக்கு ஓடினார். பெட்ரோலைப் பாதி வெளியே சிந்தி ஊற்றிக் கயிற்றை இழுத்து ஜெனரேட்டரைக் கிளப்பினார். மறுபடி உள்ளே ஓடி பிளக்கைச் சொருகினார். மெஷின் உறுமியது. அவள் முகம் தெளிந்தது. அவருக்கும் அப்போதுதான் உயிர் வந்தது.

தெருவில் யாரோ அலறினார்கள்.

வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தார். கம்பத்தடியில் லைன்மேன் மல்லாந்து கிடந்தார். ஏணி பக்கத்தில் சாய்ந்திருந்தது. லேத்காரர் திரும்பி மெயின் சுவிட்சைப் பார்த்தார். அது அணைக்கப்படாமல் மேலேயே நின்றது.

முதலில் செய்த காரியத்தை அவர் பிற்பாடு யாரிடமும் மறைக்கவில்லை. ஒயரைப் பிடுங்கிச் சுருட்டி, மனைவியின் கட்டிலுக்கடியில் தள்ளினார். ஆக்சிஜன் மெஷின் நின்றுபோனது.

தெருவில் கூட்டம் கூடிவிட்டது. அதே தெருவின் மருந்துக் கடையிலும் ஒரு ஜெனரேட்டர் இருந்தது. எதிலும் ஜாக்கிரதையான லேத்காரரை யாரும் சந்தேகிக்கவில்லை; கூட்டம் அங்கே திரும்பியது. லைன்மேனோடு வேலைக்கு வந்திருந்த மின் ஊழியர் கடைக்காரரின் சட்டையைப் பிடித்து உலுக்கினார்.

"மெயினை அணைக்காம ஓட்டினியா? ஆளைக் கொன்னுட்டியேடா, பாவி!"

"ஐயோ, என்னோடதுக்குத் தனி சுவிட்ச் இருக்குங்க! வந்து பாருங்க!"

யாரும் பார்க்கப் போகவில்லை. முதல் அடி விழுந்தது.

"என்னங்க," என்றாள் மனைவி உள்ளிருந்து. அவளுக்கு எல்லாம் கேட்டிருந்தது. "கட்டிலுக்கடியில என்ன வச்சீங்க?"

அவர் குனிந்து ஒயரை எடுத்துக் காட்டினார்.

"சிலிண்டரைத் திறந்து எனக்கு வச்சுட்டுப் போங்க. அவரை அடிக்கிறாங்க."

"எத்தனை நேரம் தாங்கும்னு தெரியலையே..."

"தாங்குற வரைக்கும் தாங்கட்டும். போங்க."

சிலிண்டரைத் திறந்து அவளுக்கு வைத்துவிட்டு, அவர் ஒயரோடு போனார். இரண்டு முனையிலும் பிளக்கைப் பார்த்ததும் மின் ஊழியருக்குப் புரிந்துவிட்டது, லேத்காரர் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் சொன்னார். "நான்தான். மெயினை அணைக்க மறந்துட்டேன்." அவர் மேல் யாரும் கை வைக்கவில்லை. மருந்துக் கடைக்காரர் கிழிந்த சட்டையோடு வாசற்படியில் உட்கார்ந்து அழுதார்.

லைன்மேனை ஏற்றிப்போன வண்டி ஆஸ்பத்திரியை எட்டுமுன்பே அவர் உயிர் போய்விட்டது. லேத்காரரைப் போலீஸ் கூட்டிப்போனது. அவர் மனைவியைத் தங்கை வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தாள். மனைவி பிழைத்துக்கொண்டாள்.

கோர்ட் வராந்தாவில் லைன்மேனின் மனைவி லேத்காரருக்கு நேர் எதிரே வந்து நின்றாள். இடுப்பில் குழந்தை. காலில் விழப் போனவரைத் தடுத்தாள்.

"அதெல்லாம் வேண்டாம். ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அந்த சுவிட்சை அணைக்க எவ்வளவு நேரம் ஆகும்?"

சுவிட்சைத் தட்டுவதுபோல் அவர் விரலை ஒருமுறை கீழே மடக்கிக் காட்டினார்.

அவள் அதைப் பார்த்தபடி நின்றாள். குழந்தை அழ ஆரம்பிக்கவும், இடுப்பின் மறுபக்கத்துக்கு மாற்றிக்கொண்டு படியிறங்கிப் போனாள். உள்ளே அவர் பெயரைக் கூப்பிட்டார்கள். குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா என்று கேட்டபோது, வக்கீல் சொல்லிக்கொடுத்த எதையும் சொல்லாமல், ஆமாம் என்றார்.