ஆண் வாரிசின்றி

மருமகள் கிளறாவுக்கு இரண்டாவதும் பெண்ணாகப் பிறந்து ஐந்து நாளாகிறது. அகஸ்ரீனா இன்னும் பேத்தியைப் பார்க்கப் போகவில்லை. "வேலை கூட" என்று மகன் விமலராஜுக்குப் போனில் சொல்லிவிட்டாள்.

கிளறாவின் வயிற்றைப் பார்த்தே பெடியன்தான் என்று கோயிலில் எல்லோருக்கும் அறிவித்தவள் அவள். செத்துப்போன கணவர் அருளையாவின் பெயரை ஞானஸ்நானத்துக்கென்று சுவாமியாரிடம் எழுதியும் கொடுத்திருந்தாள். ஞாயிறு பூசை முடிந்து வெளியே வரும்போது, அதே கோயிலுக்கு வரும் றோசமலர் நாலு பேருக்குக் கேட்கக் கேட்டாள்.

"என்ன அக்கா, அருளையாவுக்கு எப்ப தோடு போடுறியள்?"

செவ்வாய்க்கிழமை, அவள் வேலை செய்யும் வீட்டில் புத்தக அலுமாரி துடைக்கிற நாள். வீட்டு அம்மா சிஞ்ஞோரா டொறத்தி இத்தாலியில் குடியேறிய இங்கிலாந்துக்காரி, எண்பத்திரண்டு வயது. பிரபுக் குடும்பங்களின் வரலாறு அச்சிட்ட தடித்த சிவப்புப் புத்தகம் ஒன்று அங்கே இருந்தது. அவருடைய அப்பாவும் அதில் ஒருவர்: றின்மோர் பிரபு.

"இப்ப ஆர் சிஞ்ஞோரா, அந்தப் பிரபு?"

"ஒருத்தருமில்லை. அப்பாவோடை முடிஞ்சுது."

கிழவி பக்கத்தைப் பிரித்து, கடைசி வரியை இத்தாலியனில் சொன்னார். ஐந்தாவது பிரபு 1971இல் ஆண் வாரிசின்றி இறந்தார், பட்டம் அற்றுப்போனது.

"நீங்கள் இருக்கிறியளே!"

"நாங்கள் மூண்டு பெட்டையள். பெட்டையளுக்குப் பட்டம் வராது. கடைசித் தங்கச்சி பிறந்தபோது அப்பா ஒரு மாதம் தொட்டிலடிக்கு வரேல்லை. சாகக் கிடக்கேக்கை அவருக்குச் சூப் பருக்கினது அவள்தான். அவளின்ரை பேர் இந்தப் புத்தகத்திலை இல்லை."

அகஸ்ரீனாவுக்குக் காது சுட்டது. பிள்ளைக்கு என்ன பெயர் வைத்தார்கள் என்று இந்த ஐந்து நாளில் அவள் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. அரைநாள் லீவு கேட்டுக்கொண்டு, மகன் வீடு இருக்கும் அல்பெர்கேரியாவுக்கு நடந்தாள்.

கதவைத் திறந்த கிளறா வழி விடவில்லை.

"மாமி, வேலை முடிஞ்சுதோ?"

"வேலை எண்டது பொய், பிள்ளை. வெக்கத்திலை வரேல்லை."

"பெட்டை பிறந்த வெக்கமோ?"

"அப்ப ஓம். இப்ப, நான் வராமல் இருந்ததுக்கு." உள்ளே குழந்தை சிணுங்குவது கேட்டது. "ஞாயிறு சுவாமியாரிட்டை நானே போய், நீங்கள் வைச்ச பேரை எழுதிக் குடுக்கிறன். றோசமலருக்கு முன்னாலை."

"அவ சிரிப்பா."

"சிரிக்கட்டும்."

"பேர் தெரியுமோ மாமி?"

அகஸ்ரீனா தலையைக் குனிந்தாள். "தெரியாது."

"அனிற்றா," என்று சொல்லிவிட்டுக் கிளறா கதவிலிருந்து விலகினாள். "கையைக் கழுவிப்போட்டுத் தூக்குங்கோ."