கொப்பியில் வளர்ந்த கோழிகள்

கோழிக்கடை முகைதீன்பாவாவின் லொறி காலை எட்டு மணிக்கு எங்கள் கடப்படியில் வந்து நின்றது. நூற்றி இருபது கோழிகள் இறங்கின. அத்தனையும் வெள்ளை, அத்தனையும் பண்ணைக்கோழி. நான் தலையில் கைவைத்தபடி வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். எங்கள் சங்கத்தின் கூட்ட அறிக்கைக் கொப்பியில், என் கையெழுத்தில், நான்கு வருடமாக வளர்ந்து வந்தவை ஊர்க்கோழிகள். கறுப்பு, சிவப்பு, புள்ளி என்று ஒவ்வொன்றின் நிறத்தையும் ஆசையாக எழுதி வைத்திருந்தேன். இன்னும் இரண்டு மணித்தியாலத்தில் அரசாங்கக் கந்தோரிலிருந்து உத்தியோகத்தர் வந்து அவற்றைப் பார்க்கப் போகிறார்.

"றஸீனா, நான் உன்னட்ட என்ன கேட்டன்?"

"கோழி கேட்டீங்க வதனி டீச்சர். கோழி கொண்டு வந்திரிக்கன்," என்றாள் றஸீனா. காத்தான்குடித் தையல்காரி, எங்கள் சங்கத்தின் பொருளாளர். "முகைதீன்பாவா சாச்சாட கடையில இரிக்கிறது இதுதான். அஞ்சு மணிக்குத் திருப்பிக் குடுக்கணும். நாளைக்குக் கலியாண வீட்டு ஓடர்."

ஆர்த்திகா கூடுகளுக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தாள். பயம் வந்தால் அவளுக்குக் கை சும்மா இராது.

எங்கள் சங்கத்தின் பெயர் பெண்கள் கோழி வளர்ப்புச் சங்கம். எங்களில் ஒருவருக்கும் கோழி வளர்க்கத் தெரியாது. கடல் வந்து அம்மாவையும் வீட்டையும் கொண்டுபோன பிறகு நான் பள்ளிக்கூட வளவில் தறப்பாள் கூடாரம் ஒன்றில் இருந்தேன். அதே கூடாரத்தில் ஆர்த்திகாவையும் போட்டார்கள். வாவிக்கு அக்கரையில் கரடியனாற்றுப் பிள்ளை. தையல் படிக்க எங்கள் பக்கம் வந்து, வாடகை அறையைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு நின்றாள். மூன்றாம் மாதம், நான் அவளைக் காதலிக்கிறேன் என்று எனக்குத் தெரிந்தது. ஐந்தாம் மாதம் அவளுக்குத் தெரிந்தது. முகாமுக்கு உடுப்புத் தைத்துக் கொடுக்க வந்துபோன றஸீனாவுக்கு அதற்கெல்லாம் முன்னமே தெரிந்திருந்தது. அவளும் எங்களைப் போலத்தான். மனதில் ஒருத்தியை வைத்துக்கொண்டு கட்டிய புருசனோடு இருக்க முடியாமல் வந்தவள். அதை அவள் எங்களிடம் சொன்ன அன்று மூன்று பேரும் அழுதோம், பிறகு எதற்கென்று தெரியாமல் சிரித்தோம். அந்தக் கூடாரத்தில் நடந்ததுதான் எங்கள் முதல் கூட்டம்.

மூன்று பேர் ஏழாயினர். ஏழு பெண்கள் அடிக்கடி கூடினால் அந்த நாட்களில் போரில் நின்ற இரண்டு பக்கத்துத் துவக்குக்காரரும் வந்து கேட்பார்கள். ரப்பர் சீல் உள்ள சங்கம் என்றால் கேட்கமாட்டார்கள். பதிவுப் படிவத்தில் நோக்கம் என்று ஓரிடம் இருந்தது. பெண்ணை விரும்பும் பெண்கள் பயமில்லாமல் வாழ்வது என்று நான் எழுதச் சொன்னேன். றஸீனா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கோழி வளர்ப்பு என்று எழுதினாள். யாரோ புண்ணியவான்கள் முப்பது குஞ்சு தந்தார்கள். முதல் கிழமையே கீரி எல்லாவற்றையும் முடித்து வைத்தது.

ஆனால் சங்கமென்றால் மாதக் கூட்டம் நடக்க வேண்டும், அறிக்கை எழுத வேண்டும். நான் செயலாளர். நாங்கள் செய்ததை எழுத வழியில்லை. ஓட்டமாவடியில் அறைக்குள் பூட்டி வைத்திருந்த ஒரு பிள்ளையை வெளியே கொண்டுவந்தோம். அந்த மாதம் பத்துக் கோழி கூடியதாக எழுதினேன். ஏறாவூரில் இருவரைப் பிரித்து ஒருத்திக்கு அவசரக் கலியாணம் பேச, போய் அவள் உம்மாவின் காலைப் பிடித்து நிறுத்தினோம். அதற்கு எட்டு. ஒருத்தி எங்கள் வீட்டில் ஒளிந்திருந்து படித்து ஆசிரியராகிப் போனபோது சந்தோசம் தாளாமல் இருபத்தைந்து எழுதிவிட்டேன். இப்போது நாங்கள் நாற்பத்தொரு பேர். கோழிகள் நூற்றி நாற்பது. போர் முடிந்து மூன்றாம் மாதம், சங்கங்களை நேரில் பார்த்துத்தான் பதிவு புதுப்பிக்கப்படும் என்று கடிதம் வந்தபோது, பொய்யை ஏன் இவ்வளவு அழகாக எழுதினேன் என்று என்னையே திட்டினேன்.

சங்கம் போனால் இன்னொரு பெயரில் தொடங்கலாம். என் பயமெல்லாம் அதே கந்தோரில் படிவம் கிடக்கிற எங்கள் வீட்டைப் பற்றித்தான். கடலில் வீடிழந்தவர்களுக்கு வாவிக்கரையில் வீடு கட்டிக் கொடுத்தபோது, குடும்பத்துக்கு ஒன்று, தனி ஆளுக்கு இல்லை என்றார்கள். நீங்கள் இருவரும் யார் என்று பெயர் பதிய வந்த விதானையார் கேட்டதும் நான் முழித்தேன். "அக்கா தங்கச்சி," என்று றஸீனா சொல்லிவிட்டாள். எங்கள் பக்கத்தில் வீடு எப்போதும் பெண்ணுக்குத்தான் என்பதால் அவரும் யோசிக்காமல் இருவர் பெயரையும் எழுதிக்கொண்டார். அந்த ஒரு சொல்லில்தான் நான்கு வருடமாக ஒரே கூரையின் கீழ் இருக்கிறோம். சண்டை ஓய்ந்து பாதை திறந்ததும் ஆர்த்திகாவின் அண்ணன் சுதாகரன் இரண்டு முறை வந்துபோய்விட்டான். வட்டையில் பத்து ஏக்கர் வயல் வைத்திருக்கிற மாப்பிள்ளையாம். இந்த வீடு பொய்யென்று ஆகிவிட்டால், அவள் போக வேறு இடம் கரடியனாறுதான்.

எட்டரைக்குப் பக்கத்து வளவு ஆச்சிப்பிள்ளை அக்கா வேலியால் எட்டிப் பார்த்தார். வெள்ளைக் கோழிகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். போய், தன் இருபது ஊர்க்கோழிகளையும் கூடையில் அமுக்கிக் கொண்டுவந்தார். ஒவ்வொன்றின் காலிலும் அடையாளத்துக்குச் சிவப்புச் சீலைத்துண்டு கட்டியிருந்தது.

"இதுகள முன்னுக்கு விடுகா. அந்த வெள்ளயள் பின்னுக்கு நிக்கட்டும்."

பத்து மணிக்கு, சங்கத்துப் பெண்கள் எல்லோரும் வளவில் கூடி நிற்க, உத்தியோகத்தர் உதயரூபன் வந்தார். விளக்கேற்ற ஆச்சிப்பிள்ளை அக்காவின் கணவர் கோணாமலை அண்ணனை அழைத்திருந்தோம். பிள்ளையார் கோயில் வண்ணக்கர். கோயில் நிருவாகம் அவர் கையில். எந்த வீடு தாய்வழியில் எந்தக் குடி, எந்தக் குடிக்கு எத்தனையாம் நாள் திருவிழா என்ற பட்டியலெல்லாம் அவர் வீட்டு அலுமாரியில் இருக்கிறது. உத்தியோகத்தர் விளக்கைப் பார்த்தார், கொப்பியைப் படித்தார். படிக்கப் படிக்க அவர் முகம் மலர்ந்தது.

"நல்லா எழுதியிரிக்கிறீங்க. கோழியில இவ்வளவு பாசம் வெச்ச சங்கத்த நான் கண்டதில்ல." பிறகு வளவைப் பார்த்தார். "ஆனா இதில எல்லாம் ஊர்க்கோழி எண்டு இரிக்கு. அங்கால நிக்கிறது வெள்ளயா இரிக்கே?"

நான் குனிந்து ஒரு வெள்ளைக் கோழியைப் பின்னுக்குத் துரத்தினேன்.

"வெளுத்துப் போச்சு சேர்," என்றாள் றஸீனா. "ஷெல் சத்தத்துக்குப் பயந்து."

உத்தியோகத்தர் அவளை நெடுநேரம் பார்த்தார். சிரித்துவிடுவாரோ ஏசிவிடுவாரோ என்று தெரியவில்லை. அவர் இரண்டில் ஒன்றைச் செய்வதற்குள் சுதாகரனின் மோட்டார் சைக்கிள் கோழிகளைக் கலைத்துக்கொண்டு உள்ளே வந்தது.

"ஆர்த்தி, வெளிக்கிடு. ஆவணியில கலியாண எழுத்து. எல்லாம் பேசியாச்சி."

"நீங்க ஆர்?" என்றார் உத்தியோகத்தர்.

"இவள்ட அண்ணன்."

உத்தியோகத்தர் என் பக்கம் திரும்பினார். "அப்ப உங்கட அண்ணனுமா?"

"எங்கட அம்மாக்கு ஒரு பொம்புளப் புள்ளதான்," என்றான் சுதாகரன். "இவ எங்களுக்கு ஒரு சொந்தமும் இல்ல."

உத்தியோகத்தர் தன் படிவக் கோவையைத் திறந்தார். வீட்டுப் படிவத்தின் பிரதி அதிலேயே இருந்தது. "இதில சகோதரிகள் எண்டெல்லோ கிடக்கு?" என்றார். அவர் குரலில் இப்போது சிரிப்பு இல்லை. ஆர்த்திகா என் கையைப் பிடித்தாள். நாற்பது பேர் பார்க்க, முதல் முறையாகப் பிடித்தாள். நான் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அதைச் சொல்லத்தானே சங்கம் தொடங்கினோம். ஆனால் சத்தம் வரவில்லை. அந்த வெட்கம் இன்றைக்கும் எனக்கு இருக்கிறது.

கோணாமலை அண்ணன் தொண்டையைச் செருமினார். "தம்பி, நீ என்ன குடி?"

"பெத்தான் குடி," என்றான் சுதாகரன், இது எதற்கு என்ற மாதிரி.

கோணாமலை அண்ணன் மனைவியைப் பார்த்தார். ஆச்சிப்பிள்ளை அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையை எங்கள் ஊரில் அறியாதவர் இல்லை. அண்ணன் மறுபடி ஒருமுறை செருமினார்.

"வதனியும் பெத்தான் குடிதான் சேர். கோயில் கொப்பியில இரிக்கு. ஒரு குடியில பொறந்த பொண்ணுகள் அக்கா தங்கச்சி இல்லாம வேற என்ன? உங்கட படிவத்தில ஒரு வயித்துப் புள்ளயள் எண்டு கேட்டிரிக்கா?"

உதயரூபன் படிவத்தைப் புரட்டினார். அவரும் இந்தப் பக்கத்துப் பிள்ளை, களுதாவளையில் பெண்ணெடுத்து மாமியார் வளவில் இருக்கிறவர். வண்ணக்கரோடு குடிவழமை பேசி வெல்ல முடியாதென்று அறிந்தவர். "அப்படிக் கேக்கயில்லதான்," என்றார்.

"பின்ன என்ன." கோணாமலை அண்ணன் இப்போது சுதாகரன் பக்கம் திரும்பினார். சபை கிடைத்துவிட்டால் அவரை நிறுத்த ஏலாது. "அப்ப நீ வதனிக்கும் அண்ணன்தான் தம்பி. நல்லதாப் போச்சி. முப்பத்தெட்டு வயசில மூத்தவள் குமரா நிக்க, இளையவள எந்த முறையில கூட்டிக்கிட்டுப் போற? முதல்ல இவளுக்கு ஒரு மாப்புள பாரு. சீதனத்துக்கு இந்த வீடு இரிக்கு, பாதிதான். மிச்சத்த அண்ணன் நீதானே பாக்கணும்."

சுதாகரன் என்னைப் பார்த்தான். என் நரையைப் பார்த்தான், நூற்றி நாற்பது கோழிகளைப் பார்த்தான். ஒரு மனிதனின் முகத்தில் கணக்கு இவ்வளவு வேகமாக ஓடி நான் கண்டதில்லை. "அப்புறமா வாறன்," என்று சொல்லி மோட்டார் சைக்கிளைத் திருப்பினான். உத்தியோகத்தர் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் கையெழுத்திட்டு, கோழிகளுக்கு இனிமேல் மனஉளைச்சல் வராமல் பார்த்துக்கொள்ளும்படி றஸீனாவிடம் சொல்லிவிட்டுப் போனார். அந்த மனிதருக்கு எவ்வளவு தெரியும் என்று எங்களுக்கு இன்றுவரை தெரியாது.

எல்லோரும் கத்திச் சிரித்தார்கள், தேத்தண்ணி குடித்தார்கள். ஐந்து மணிக்கு வெள்ளைக் கோழிகள் தங்கள் கலியாண வீட்டுக்குப் புறப்பட்டன. ஆர்த்திகா மட்டும் ஒரு சொட்டும் குடிக்காமல் குசினிக்குள் நின்றாள். முகம் செத்துப்போயிருந்தது.

"வதனி, நீ மெய்யாவே பெத்தான் குடியா?"

சிரிக்கலாம் என்றுதான் பார்த்தேன். உலகத்து வழமையையெல்லாம் உதறிவிட்டு வந்த இரண்டு பேர், நான்கு வருடமாக ஒருவரையொருவர் என்ன குடியென்று கேட்டதில்லை. கேட்க என்ன இருக்கிறது என்றுதான் இருந்தோம். ஆனால் ஒரே குடியென்றால் கூடப்பிறந்தவள், கட்டக் கூடாது என்று கேட்டே வளர்ந்த உடம்பு எங்கள் இரண்டு பேருக்கும். சிரிப்பு வரவில்லை. அம்மா பொன்னாச்சி குடி என்று சொன்னதாக ஞாபகம். அம்மா இல்லை. கோயில் கொப்பி வண்ணக்கரிடம் இருக்கிறது.

"வா, போய்க் கேப்பம்," என்றேன்.

ஊர்க்கோழிகளைத் திருப்பிக் கொடுக்கும் சாட்டில் போனோம். வாவியில் வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. ஆச்சிப்பிள்ளை அக்கா கூட்டு வாசலில் குந்தியிருந்து எண்ணினார். ஆர்த்திகா கூடையைப் பிடித்துக்கொண்டு கேட்டே விட்டாள்.

"அக்கா, அண்ணன் சொன்னது... இவவும் எங்கட குடியா?"

ஆச்சிப்பிள்ளை அக்கா எண்ணுவதை நிறுத்தினார். எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அப்படி ஒரு சிரிப்பு சிரித்தார், கோழிகளெல்லாம் மிரண்டன.

"அடியே, அந்த மனிசன் சொன்னது பச்சப் பொய். இவ பொன்னாச்சி குடி. நீங்க ரெண்டு பேரும் இந்த வீட்டுக்கு வந்த கிழமையே உன்ட குடிய உன்னட்டயே கேட்டு வெச்சிட்டு, இவட குடிய கொப்பிய எடுத்துப் பாரெண்டு அவர நிக்க விடயில்ல நான். வேற வேற குடிதான் எண்டு தெரிஞ்சாப் பிறகுதான் எனக்கு நித்திர வந்தது. ஒரே குடியா இருந்திருந்தா, இந்த அநியாயத்த நான் பாத்துக்கிட்டு இருந்திருப்பனா?"

நான்கு வருடம். கதவைச் சாத்தினோம், குரலைத் தாழ்த்தினோம், கொடியில் உடுப்பைத் தள்ளித் தள்ளிக் காயப்போட்டோம். வேலிக்கு அந்தப் பக்கம் இவர் எங்களுக்குப் பொருத்தம் பார்த்து முடித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருக்கிறார். எனக்கு அழுகை வந்தது. அம்மா போன பிறகு எனக்காக யாரும் எதையும் பார்த்து வைத்ததில்லை.

"அங்க என்ன ரெண்டு பேரும் மூக்கச் சிந்துறீங்க? இதப் புடி." ஒரு கறுப்புக் கோழியை ஆர்த்திகாவின் கையில் திணித்தார். "உங்கட வீட்டுக்கு நான் ஒண்டும் தரயில்ல. நாலு வருசமா மனசில கிடந்தது." பிறகு, முகத்தைத் திருப்பிக்கொண்டு, மெல்லச் சொன்னார். "அடுத்த கூட்டம் எப்பகா? களுதாவளையில என்ட மச்சாள் ஒருத்தி இரிக்கா. அவவையும் கூட்டிக்கொண்டு வாறன். ஒருக்காப் பேசணும்."

எந்த மச்சாள் என்று நான் கேட்கவில்லை; மச்சாள் என்றால் வேறு குடிதான். அவர் பத்தொன்பது கோழிகளையும் கூட்டில் அடைத்து, கதவைச் சாத்தி, கையைச் சீலையில் துடைத்துக்கொண்டே இருந்தார். கை காய்ந்த பிறகும் துடைத்தார்.

திரும்பி வரும்போது கறுப்புக் கோழி ஆர்த்திகாவின் கையிலிருந்து துள்ளி இறங்கியது. ஓடிவிடும் என்று பதறினோம். அது ஓடவில்லை. காலில் சிவப்புச் சீலைத்துண்டு இழுபட, வேலியில் இருந்த ஓட்டைப் பொட்டுக்குள்ளால் நுழைந்து, எங்கள் வளவைக் குறுக்கறுத்து, படியேறி, திறந்து கிடந்த கதவால் வீட்டுக்குள் போனது.