கண்டுபிடித்தவரே சரிசெய்க

எங்கள் மேனேஜருக்கு நாங்கள் வைத்திருந்த பெயர் பச்சைக்கொடி. தினமும் காலை பத்து மணிக்கு எங்களை வரிசையாக நிற்கவைத்து, திரையில் வேலைப் பட்டியலைப் போடுவார். எல்லா வரியும் பச்சையில் இருக்க வேண்டும். ஒரு வரி சிவப்பாக இருந்தால் மனிதருக்கு முகம் அஷ்டகோணலாகிவிடும்.

அவர் நிர்வாகம் மொத்தமும் ஒரே விதிதான். பிரச்சினையை யார் சொல்கிறாரோ அவரே சரிசெய்ய வேண்டும். தப்பான புரோகிராமை யார் எழுதியது என்ற பேச்சே கிடையாது. பொறுப்புணர்ச்சி வளருமாம். வளர்ந்தது என்னவோ ஊமைகள்தான். தலைமைப் பண்பு பற்றி இரண்டு நாள் வகுப்புக்குப் போய் வாங்கிய சான்றிதழை ஃபிரேம் போட்டு மாட்டியிருந்தார். குழு உணர்வு பற்றி வாய் கிழியப் பேசுவார். குழுவில் யாருக்கு என்ன வேலை என்று கேட்டால் திருதிருவென்று முழிப்பார்.

அப்போது ஒரு மருத்துவமனைக்கு சாஃப்ட்வேர் செய்துகொண்டிருந்தோம். நோயாளிகளின் விவரங்களைப் பழைய சாஃப்ட்வேரிலிருந்து புதியதற்கு மாற்றும் பகுதி நான் எழுதியது. எந்த மருந்து யாருக்கு ஒத்துக்கொள்ளாது என்ற குறிப்பு சிலருக்கு விடுபட்டுப் போனது. எனக்குப் பத்து நாளாகத் தெரியும். சொன்னால் சனி, ஞாயிறு போய்விடும். வேறு யாராவது கண்டுபிடிக்கட்டும் என்று கம்மென்று இருந்தேன்.

கண்டுபிடித்தது, நாங்கள் எழுதுவதைச் சோதித்துப் பார்க்கும் டெஸ்டர் பெண். சனிக்கிழமை காலை அவள் அம்மாவுக்கு இதய ஆபரேஷன். அந்த அம்மாவுக்கு இவளை விட்டால் ஆள் கிடையாது. இருந்தும் வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் வாயைத் திறந்தாள்.

"சார், அலர்ஜி குறிப்பு நிறைய பேருக்கு வரல. திங்கக்கிழமை ஆஸ்பத்திரிக்கு இப்படியே குடுத்தா யாராவது செத்துடுவாங்க."

"வெரி குட். நீங்களே பாத்துடுங்க. ஞாயித்துக்கிழமைக்குள்ள பச்சையாயிடணும்."

"நாளைக்கு அம்மாவுக்கு ஆபரேஷன் சார்."

"டீம்ல யாராவது உதவி பண்ணுவாங்க" என்று எங்களைப் பார்த்தார். ஆறு பேரும் தரையைப் பார்த்தோம். இவனெல்லாம் ஒரு தலைவனா என்று மனசுக்குள் கிழிகிழியென்று கிழித்தேன். மனசுக்குள் கிழிப்பதில் நான் கெட்டிக்காரன்.

சாயங்காலம் என் மேஜைக்கு வந்தாள்.

"அண்ணா, விவரம் மாத்துற அந்த புரோகிராம் ஃபைல் எழுதினது நீங்கதானே?"

"ஆமாம்மா."

"'இங்கே அலர்ஜி விடுபடுகிறது, அப்புறம் பார்க்கணும்'னு நீங்களே உள்ள எழுதி வச்சிருக்கீங்க. தேதி போட்டு."

நான் செய்தால் நாலு மணி நேர வேலை. அவளுக்கு இரண்டு நாள் பிடிக்கும். 'நீ போம்மா, நான் பாத்துக்கறேன்' என்று சொல்லியிருக்கலாம். ஒரு தடவை தலையைக் கொடுத்தால், அப்புறம் எல்லாமே என் தலையில் விடியும் என்று பயம்.

"சத்தியமா மறந்துட்டேன்மா" என்றேன்.

அவள் சண்டை போடவில்லை. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"எங்க மாத்தணும்னு மட்டும் காட்டுங்கண்ணா. காட்டிட்டு நீங்க வீட்டுக்குக் கிளம்புங்க."

காட்டினேன். ஐந்தே முக்காலுக்குக் கிளம்பிவிட்டேன்.