பதினைந்தாம் எண் பெட்டியின் மஞ்சள் வயர்

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. சின்னப் பொய்தான். "இன்னொரு போன் வருது கேலன், அப்புறம் பேசறேன்" என்றேன். வேறு போன் எதுவும் வரவில்லை.

அதற்கு முன்னால் கேலன் கேட்டது இது:

"சாம், நவம்பர் எட்டாந்தேதி வரேன். பதினாலாம் நம்பர் காலியா?"

"காலிதான். ஆனா உனக்கு ஐம்பது ஆம்பியர் இடமே தரேன். இருபத்திரெண்டு சும்மாதான் கெடக்கு."

"ஒத்த ஆளுக்கு எதுக்கு ஐம்பது? நவம்பர்ல ஒரு ஏசிகூட வேணாம். பதினாலே குடு." பிறகு ஜூலையிலிருந்து ஒவ்வொரு முறையும் கேட்பதையே கேட்டான். "நான் அந்த வயரைச் சரியா அழுத்தி மாட்டலையோ? நீ பாத்தியே சாம். உனக்கு என்ன தோணுது?"

அப்போதுதான் எனக்கு இன்னொரு போன் வந்தது.

கேலன் டட்டிலுக்கு எழுபத்து மூன்று வயது. நெப்ராஸ்காவில் பண்ணை மோட்டார்களைப் பழுது பார்த்தவன். வீட்டை விற்றுவிட்டு, நாற்பதடி நீள வீட்டு வண்டியில் மனைவி நடீனோடு ஏழு வருடம் சுற்றியவன். நடீன் ஜூலை மூன்றாம் தேதி இறந்துபோனாள். நான் அரிசோனாவில், ஆற்றங்கரையில், இப்படிப்பட்ட வண்டிகள் வந்து நிற்கும் முகாமுக்குப் பதினோரு வருடமாக மேனேஜர். பெயர் சம்பந்தம். இங்கே எல்லோருக்கும் சாம்.

எட்டாம் தேதி அவன் நேரில் கேட்பான். நேரில் கேட்கும்போது போன் வராது. அதனால்தான் எழுதிப் பார்க்கிறேன்.

2

எப்படித் தொடங்குவது என்று மூன்று நாள் உட்கார்ந்தேன்.

முதல் தொடக்கம்: 'அன்று நூற்றுப் பதினான்கு டிகிரி, நம் ஊர்க் கணக்கில் நாற்பத்தைந்துக்கு மேல். சரளைக்கல் செருப்பைத் தாண்டிச் சுட்டது. சூரியன் —'

விட்டுவிட்டேன். சூரியனை வைத்துத் தொடங்கினால் பழி சூரியன் தலையில் போய் விழும். வசதிதான். ஆனால் ஜூலையில் இங்கே தினமும் அதே வெயில், தினமும் யாரும் சாவதில்லை.

இரண்டாவது, கட்டுரை மாதிரி: 'இந்த வீட்டு வண்டிக்காரர்கள் புதிதாக ஒருவரைப் பார்த்தால், பெயர் கேட்பதற்கு முன் "முப்பதா, ஐம்பதா?" என்று கேட்பார்கள். வண்டி நிற்கும் ஒவ்வொரு இடத்துக்கும் இடுப்பளவு உயரத்தில் ஒரு கரண்டுப் பெட்டி உண்டு. முப்பது ஆம்பியர் பெட்டியில் ஒரு ஏசி நிம்மதியாக ஓடும். இரண்டாவதையும் போட்டால், கொஞ்ச நேரம் ஓடுவதுபோல் பாசாங்கு செய்து, யாராவது காப்பி மெஷினைத் தட்டியதும் பிரேக்கர் விழுந்து எல்லாம் நின்றுவிடும். ஐம்பது ஆம்பியரில் மூன்று ஏசி ஓடும், கூடவே ரொட்டியும் சுடலாம். ஆகவே —'

ஆகவே என்ன? இந்தக் கணக்கை வைத்துத் தொடங்கினால் ஆம்பியர்தான் குற்றவாளி என்று ஆகிவிடும். ஆனாலும் இந்தப் பத்தியை அடிக்காமல் விடுகிறேன். இது தெரியாமல் நீங்கள் மேலே படிக்க முடியாது.

மூன்றாவது தொடக்கம்தான் நடந்தது. ஜூலை ஒன்றாம் தேதி காலை, கேலன் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு ஆபீஸ் வாசலில் நின்றான்.

3

"ஐம்பது ஒண்ணு குடு, சாம். பின்னாடி ரூம் சூடு தாங்கல. டாக்டர் அவளைச் சூட்டுல வெக்கவே கூடாதுங்கறார்."

"நாலாந்தேதி சுதந்திர தின வாரம்டா இது. ஐம்பது எல்லாத்தையும் படகுக்காரங்க போன வருஷமே பிடிச்சு வெச்சுட்டாங்க."

நடீனுக்கு இதயம் பலவீனம். கால் வீங்கி, எழுந்து நடக்கக் கைத்தாங்கலுக்கு ஆள் வேண்டும். அவளுடைய டாக்டர் ஆற்றுக்கு அக்கரையில் இருந்ததால்தான், மற்றவர்கள் எல்லாம் குளிர்ந்த ஊர்களுக்கு ஓடிப்போன பிறகும் இவர்கள் இங்கே கிடந்தார்கள்.

நானும் கேலனும் பதினான்காம் எண்ணுக்குப் போனோம். முப்பது ஆம்பியர் பெட்டி. அதில் பக்கத்திலேயே தனியாக ஒரு இருபது ஆம்பியர் சாக்கெட்டும் உண்டு. அதிலிருந்து வயர் இழுத்து இரண்டாவது ஏசிக்குத் தனியாகக் கொடுப்பது இங்கே எல்லோரும் செய்கிற வேலைதான். கேலன் சொருகிப் பார்த்தான். கரண்டு இல்லை.

(பின்குறிப்பு ஒன்று: அந்தச் சாக்கெட் ஏப்ரலிலிருந்து செத்துக் கிடந்தது. செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியலில் எழுதி வைத்திருந்தேன். பட்டியல் இன்னும் சுவரில் இருக்கிறது.)

"பக்கத்துல பதினஞ்சு காலியாத்தானே இருக்கு" என்றான் கேலன்.

"நாலாந்தேதிவரை காலி. இழுத்துக்கோ."

யாருமில்லாத பக்கத்து இடத்துப் பெட்டியில் கரண்டு வாங்கிக்கொள்வதும் வழக்கம். அங்கே ஆள் வந்தால் அந்தப் பெட்டி அவர்களுடையது, உடனே கழற்றிவிட வேண்டும் என்பதும் வழக்கம். கேலன் விரல் தடிமனில் மஞ்சள் வயர் ஒன்றைக் கொண்டுவந்தான். மாட்டினான், கழற்றினான், சாக்கெட்டை ஊதினான், மறுபடி மாட்டினான். நடீன் பந்தல் நிழலில், ஈரத்துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாத்தியா சாம்? கல்யாண மோதிரம் போடறப்பகூட இந்த மனுசன் இவ்வளவு கவனமா இல்ல. பாதி விரல்ல விட்டுட்டுப் போட்டோவுக்குப் போயிட்டாரு."

"உன் விரல் அப்பவே குண்டு" என்றான் கேலன் திரும்பாமலே.

"கேட்டியா? இதுக்குத்தான் இவரோட நாற்பத்தெட்டு வருசம்."

முன்னறை ஏசி வண்டியின் பொது லைனில். படுக்கையறை ஏசி மஞ்சள் வயரில். ஏன் அப்படி, முக்கியமானதைப் பொது லைனில் கொடுத்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன்.

"பொது லைன் எப்ப வேணா விழும்பா. மைக்ரோவேவ் இருக்கு, ஹீட்டர் இருக்கு. இது அவளுக்குன்னே தனி லைன். வேற எதுவும் இதைத் தொடாது" என்றான் கேலன்.

4

இனி டெல்பர்ட் வர வேண்டும்.

டெல்பர்ட் கொலராடோக்காரன். ஜூலை மூன்றாம் தேதி, ஒரு நாள் முன்னதாகவே படகை இழுத்துக்கொண்டு பதினைந்தாம் எண்ணுக்கு வருகிறான். தன் பெட்டியில் யாருடையதோ மஞ்சள் வயர். சொல்லிவிட்டுக் கழற்றலாம் என்று பதினான்கைப் பார்க்கிறான். ஜன்னல் திரைகள் எல்லாம் இறங்கியிருக்கின்றன. திரை இறங்கியிருந்தால் உள்ளே தூங்குகிறார்கள் என்று அர்த்தம். அந்தக் கதவை இங்கே யாரும் தட்ட மாட்டார்கள். வண்டியின் கூரையில் ஏசி ஓடும் சத்தம் வேறு கேட்கிறது. சரி, குளிர்ச்சியாகத்தான் இருக்கிறார்கள் என்று நினைத்து வயரைக் கழற்றி, அழகாகச் சுற்றி, அவர்கள் வண்டியின் பின்பக்க ஏணியில் மாட்டிவிட்டு —

இந்த டெல்பர்ட் சரியில்லை. ரொம்ப நல்லவனாக வந்துவிட்டான். நல்லவன் மேல் கோபப்பட முடியாது, கோபப்பட ஆள் இல்லாவிட்டால் இந்தக் கதையைச் சுமக்க எனக்குத் தெம்பு இல்லை. அதனால் கொஞ்சம் கெடுத்துப் பார்த்தேன். காலையிலேயே பீர் குடிக்க வைத்தேன். "என் பெட்டியில எவன் வயரு?" என்று உறும வைத்தேன். அப்போது இன்னொரு சிக்கல் வந்தது. உறுமுகிறவன் வயரைப் பிடுங்கி எறிவான். சுற்றி மாட்ட மாட்டான்.

சுற்றுகிறானே. எத்தனை முறை எழுதினாலும் சுற்றுகிறான். ஒரு வளையம் மேலாக, அடுத்தது கீழாக, முறுக்கு விழாமல், கடைசியில் வயரோடு இருந்த கறுப்பு வெல்க்ரோ ஒட்டுப்பட்டையால் கட்டுகிறான்.

(பின்குறிப்பு இரண்டு: இந்த முகாமில் இப்படிச் சுற்றுகிற ஆள் ஒருவன்தான்.)

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை எனக்குக் கைவரவில்லை. டெல்பர்ட்டை அடித்துவிடுங்கள்.

5

பதினைந்தாம் எண்காரர்கள் நிஜமாகவே ஒரு நாள் முன்னதாக வந்தார்கள். ஆனால் அவர்கள் வந்தது சாயங்காலம் ஆறு மணிக்கு. அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

மத்தியானம் போன் செய்து, "இன்னிக்கே வந்துடலாமா?" என்று கேட்டார்கள். தாராளமாக வாங்க என்றேன். இரண்டு மணிக்கு வண்டியில் போய் இடத்தைச் சுத்தம் செய்தேன். அடுப்புக் குழியில் சாம்பலை அள்ளினேன். சரளைக்கல்லை வாரினேன். பெட்டியில் ஒரு வயர் இருந்தது. கழற்றினேன், சுற்றினேன், ஏணியில் மாட்டினேன்.

இழுத்துக்கோ என்று சொன்ன வாய் என்னுடையதுதான். மூன்றாவது நாளே கைக்கு அது மறந்துபோயிற்று. கை பதினோரு வருடமாக ஆள் வரும் முன் வயர் கழற்றிய கை. அது யோசிப்பதில்லை. கழற்றுவதற்கு முன் ஒரு நொடி பதினான்கைப் பார்த்தேன் என்பது நினைவிருக்கிறது. திரை இறங்கியிருந்தது. கூரையில் ஏசி ஓடியது. ஓடியது முன்னறை ஏசி.

கேலன் மருந்து வாங்க டவுனுக்குப் போயிருந்தான். விடுமுறைக் கூட்டத்தில் மாட்டிக்கொண்டு ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது திரும்பினான். படுக்கையறைக் கதவு குளிர் போகாமலிருக்க மூடியிருந்தது. நடீனால் தானாக எழுந்து திறக்க முடியாது. அவளுடைய போன் முன்னறையில் சார்ஜில் இருந்தது.

ஆம்புலன்ஸ் ஆற்றுப் பாலத்தைத் தாண்டுவதற்குள் போய்விட்டாள்.

6

கதை இங்கே முடியலாம். ஒருவன் மறந்தான், ஒருத்தி இறந்தாள். மறதிக்கு மன்னிப்பு உண்டு. படிக்கிற நீங்கள் இந்நேரம் என்மேல் கொஞ்சம் இரக்கப்பட்டிருப்பீர்கள். இப்படி நிறுத்திவிட எனக்கும் ஆசைதான்.

ஆனால் கேலன் ஏன் தன்னையே கேட்டுக்கொண்டிருக்கிறான்? ஏணியில் சுற்றி மாட்டிய வயரைப் பார்த்தவன், யாரோ கழற்றியிருக்கிறார்கள் என்று புரிந்துகொள்ள மாட்டானா?

அவன் ஏணியில் எதையும் பார்க்கவில்லை.

அவன் போட்ட சத்தம் கேட்டு ஓடினேன். ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன். அவன் உள்ளே ஈரத்துண்டுகளை அவள்மேல் போட்டுக்கொண்டிருந்தான். "ஏசி ஏன் ஓடல, பாரு சாம், ஏன் ஓடலன்னு பாரு" என்று கத்தினான். பார்க்கத்தான் பின்பக்கம் போனேன். ஏணியில் மஞ்சள் வளையம் தொங்கியது. என் கட்டு. அதைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது.

அப்போது என் கை செய்ததை மறதி என்று சொல்ல முடியாது. பட்டையை அவிழ்த்துப் பாக்கெட்டில் போட்டேன். வளையங்களை உதறித் தரையில் விட்டேன். பிளக்கைப் பதினைந்தாம் எண் பெட்டிக்குக் கீழே, தானாகக் கழன்று விழுந்ததுபோல வைத்தேன். அரை நிமிடம்கூட ஆகியிருக்காது.

அவளை ஏற்றும்போது கேலன் அந்தப் பிளக்கைப் பார்த்தான். குனிந்து எடுத்தான். உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, "நான் அழுத்தல" என்றான். நான் அவன் தோளைப் பிடித்துக்கொண்டேன். ஆறுதல் சொல்கிறேன் என்று நினைத்திருப்பான்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். அதை எழுதும்போதே கை கூசுகிறது.

7

முடிவுகள்.

அ. எட்டாம் தேதி கேலன் கேட்கிறான். "அந்தச் சாக்கெட்டே தொளதொளன்னு இருந்துதுப்பா, நீ என்ன பண்ணுவே" என்கிறேன். பொய். ஆனால் அவன் விடுபடுவான். நான்கு மாதத்தில் இதை எத்தனையோ முறை போனில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொன்னால், அதை ஏன் சரிசெய்யாமல் விட்டாய் என்று அடுத்து கேட்பான். அந்தச் சின்னப் பழியைக்கூட அவனுக்காக வாங்கிக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. இதுதான் நான்.

ஆ. உண்மையைச் சொல்கிறேன். அவன் —

(இந்த வாக்கியத்தை ஏழு முறை தொடங்கினேன். அவன் அடிக்கிறான், அழுகிறான், வண்டியைக் கிளப்பிக்கொண்டு போகிறான். ஒரு முறை என்னை மன்னிக்கிறான். அதைத்தான் முதலில் கிழித்தேன்.)

இ. அவனே படிக்கிறான்.

பதினோரு வருடமாக இங்கே ஒருவரோடும் தமிழில் பேசியதில்லை. இதைத் தமிழில் எழுதக் காரணம் மொழிப்பற்று இல்லை. கேலனுக்குத் தெரியாத மொழி என்னிடம் இது ஒன்றுதான் இருக்கிறது. ஆனால் இப்போதெல்லாம் போனைக் காட்டினால் எந்த எழுத்தையும் படித்துச் சொல்லிவிடுகிறதாம்.

இன்று நவம்பர் ஆறு. காலையில் பதினான்காம் எண் பெட்டியின் இருபது ஆம்பியர் சாக்கெட்டை மாற்றினேன். அரை மணி நேர வேலை.

இந்தத் தாள்களைச் சுருட்டி, அந்தக் கறுப்புப் பட்டையால் கட்டி, அதே பெட்டிக்குள் வைக்கப்போகிறேன். இங்கே வந்து நிற்கிற எவனும் முதலில் செய்வது பெட்டியின் மூடியைத் திறப்பதுதான். எழுத்து புரியாவிட்டாலும் பட்டையை அவனுக்குத் தெரியும். ஓரத்தில் நீல மையில் அவன் போட்ட குறி இருக்கிறது. ஜூலையிலிருந்து அதைத் தேடிக்கொண்டிருக்கிறான். "அந்தப் பட்டை எங்க போச்சுன்னே தெரியல, சாம்" என்று ஒரு முறை என்னிடமே கேட்டான்.

எட்டாம் தேதி அவன் வண்டி வாசலில் திரும்பும்வரை, வைத்ததைத் திரும்ப எடுத்துவிட எனக்கு அவகாசம் இருக்கிறது. ஆபீஸிலிருந்து அந்தப் பெட்டிக்கு நடந்தால் இரண்டு நிமிடம். எனவே கடைசி வரியை இரண்டு விதமாகவும் எழுதி வைக்கிறேன்:

[மூடியைத் திறந்து எடுத்துவிட்டேன்.]

[எடுக்கவில்லை.]

இரண்டில் ஒன்றை நீங்கள் அடித்துவிடுங்கள். என்னிடம் விட்டால் எதை அடிப்பேன் என்று உங்களுக்கு இந்நேரம் தெரிந்திருக்கும்.