இடது காலின் சத்தம்

நாத்தனாரிடம் சமையல் கற்றுக்கொண்டவர்கள் உண்டு, சண்டை கற்றுக்கொண்டவர்கள் ஏராளம். சைக்கிள் மிதிக்கக் கற்றுக்கொண்டவள் நம் சின்னவள் ஒருத்தியாகத்தான் இருக்கும். வயது முப்பத்தெட்டு. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் விரிப்புகளை உலர்த்தி மடிக்கிற வேலை. புகுந்த வீட்டில் கடைசி மருமகள், அதனால் எல்லோருக்கும் சின்னவள். கல்யாணமாகிப் பதினாலு வருஷத்தில் தனக்கென்று அவள் ஆசைப்பட்டது ஒன்றே ஒன்றுதான்: நாத்தனார் நடத்தும் பெண்கள் சைக்கிள் அணியில் நாலாவது இடம். அதே இடத்துக்கு ஒரு வங்கிக்காரியும் போட்டி.

பயிற்சி, நாத்தனாரின் சைக்கிள் கடைப் பின்னறையில். சைக்கிளை ஒரு தாங்கியில் பூட்டி நிறுத்தியிருப்பார்கள், மிதித்தாலும் நகராது. இரண்டு பெடலிலும் கட்டைவிரல் அளவு ஒரு கருவி. மிதிக்கிறவள் தலையில் ஹெட்போன். கால் சீராகச் சுழன்றால் காதில் சத்தமே இருக்காது. மேலே ஏறும்போது சோம்பித் தொங்கினால், அந்தப் பக்கத்துக் காதில் அரம் போட்டுத் தேய்க்கிற மாதிரி 'கர்ர்' என்று வரும். இடது காலுக்கு இடது காது, வலது காலுக்கு வலது காது. சத்தத்தை அடக்கினால் மிதி சரியாகிவிட்டதென்று அர்த்தம். இதிலே புரியாமல் போக என்ன இருக்கிறது?

சின்னவளுக்கும் புரிந்தது. வலது காதில் கர்ர் என்றது, வலது காலை வழிக்குக் கொண்டுவந்தாள். பத்தே நாளில் அது வாயை மூடிக்கொண்டது. இடது காலோ முதல் நாளிலிருந்தே பரம சாது. பிறவியிலேயே நல்ல கால் என்று அவள் பூரித்துப் போனாள்.

"இடது கால் தொங்குதுடி!" வலப்பக்க மேஜையில் கணினித் திரையைப் பார்த்தபடி நாத்தனார் கத்துவாள்.

"இல்லையே அண்ணி, சத்தமே வரலையே."

"யார்கிட்ட கதை விடுற? இங்க ரத்தக் களறியா சிவப்பு காட்டுது!"

மூன்று வாரமும் இதே கூத்து. ஒன்று திரை பொய் சொல்லவேண்டும், இல்லை ஹெட்போன் பொய் சொல்லவேண்டும். இரண்டும் இல்லையென்றால் வங்கிக்காரியைச் சேர்த்துக்கொள்ள அண்ணி போடுகிற நாடகமா இது? சின்னவளுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. கணவனிடம் கேட்டாள், "உங்க அக்காவுக்கு என்மேல என்ன கோவம்?"

"நீ யார் சொன்னா கேக்குற? நான் நாலு தடவை கூப்பிட்டாத்தான் திரும்புற" என்றான் அந்த மகானுபாவன்.

சனிக்கிழமை காலை கடைசித் தேர்வு, இருபது நிமிஷ மிதி. வங்கிக்காரி முடித்துவிட்டுத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். சின்னவள் ஏறினாள். ஐந்தாவது நிமிஷம் கொண்டை அவிழ்ந்தது. ஹெட்போனைக் கழற்றி, முடியை இறுக்கிக் கட்டி, மறுபடி மாட்டினாள். அவ்வளவுதான், வலது காதில் கர்ர்ர் என்று பிடுங்கியது.

"அண்ணி! மெஷின் கெட்டுப்போச்சு!"

"வாயை மூடிட்டு மிதி! இடது காலைப் பாரு!"

வலது காலை இன்னும் ஒழுங்காகச் சுழற்றினாள். சத்தம் குறைவேனா என்றது. ஐயோ, என்ன எழவு இது என்று திணறும்போதுதான் கவனித்தாள்: எப்போதும் இடது தோளில் தொங்கும் ஒயர் இன்று வலது தோளில் கிடந்தது. ஹெட்போனை மாற்றி மாட்டியிருக்கிறாள். அப்படியானால் வலது காதில் கேட்பது இடது காலின் சத்தம். இத்தனை நாள் இது எங்கே போயிருந்தது?

வேண்டுமென்றே வலது காலைத் தொங்கவிட்டாள். இப்போது இடது காது அலறவேண்டும். அலறவில்லை. "இப்ப வலதும் போச்சு!" என்று நாத்தனார்தான் அலறினாள்.

அப்போதுதான் சின்னவளுக்கு உறைத்தது. கெட்டது மெஷின் இல்லை, தன் இடது காது. எப்போது போனது? சலவைக்கூடத்தில் அந்தப் பக்கம் இரையும் உலர்த்தும் இயந்திரம் காரணமா? கேட்காமல் போன சத்தத்தைக் கேட்கவில்லை என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஒன்றும் விளங்கவில்லை. பன்னிரண்டு நிமிஷம் பாக்கி இருந்தது, அது மட்டும் தெரிந்தது. வலது காலைப் பழைய ஒழுங்குக்குக் கொண்டுவந்து, நல்ல காதை வைத்துக்கொண்டு இடது காலை உலுக்கி எடுத்தாள். கர்ர் மெலிந்தது, விட்டுவிட்டு வந்தது, கடைசியில் நின்றது. திரை பச்சையானது.

இறங்கினாள். வலப்பக்கம் மின்விசிறி இரைந்துகொண்டிருந்தது. நாத்தனார் இடப்பக்கம் வந்து நின்று, முடிவு எழுதிய தாளைப் பார்த்து ஏதோ வாசித்தாள். உதடு அசைந்தது. வங்கிக்காரி கைதட்டினாள். யாருக்காகத் தட்டுகிறாள்? சின்னவளுக்குப் பிடிபடவில்லை. பேசாமல் பல்லைக் காட்டிவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் நாத்தனார் தினமும் சொல்வது நினைவுக்கு வந்தது: நாலு சைக்கிளும் ஒரு சாண் இடைவெளியில் ஓடும், எந்தப் பக்கத்துக் குரல் என்று ஒருத்திக்குத் தெரியாவிட்டால் நாலு பேரும் விழவேண்டியதுதான்.

"அண்ணி, இந்தப் பக்கம் வந்து சொல்லுங்க. அந்தக் காது எனக்குக் கேக்கல."

"என்னது?"

"இன்னிக்குத்தான் எனக்கே தெரிஞ்சுது. மூணு வாரமா இடது காலோட சத்தம் எனக்கு வரவே இல்ல."

நாத்தனார் மெல்லச் சுற்றி வலப்பக்கம் வந்தாள். "உன்னைத்தான்டி வாசிச்சேன்" என்றாள். "நாலாவது ஆள் நீதான்னு."

சின்னவளுக்குப் பெருமை பொங்கியது, கூடவே அழுகையும். "அப்போ நான் வாயை மூடிட்டு இருந்திருக்கலாம்."

"இருந்திருக்கலாம்."

"வேணாம் அண்ணி. என் பேரை அடிச்சிடுங்க."

நாத்தனார் வங்கிக்காரியைப் பார்த்தாள். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். பேனா ஒரே கோடு போட்டது.

"பாவி, உன்னை எவ்வளவு திட்டியிருப்பேன்" என்று நாத்தனாரின் குரல் உடைந்தது.

"விடுங்க அண்ணி, பாதிதானே கேட்டிருக்கும்" என்றாள் சின்னவள்.

நாத்தனார் சிரிக்கவில்லை. பேனாவை மூட மறந்து, வலப்பக்கத்திலேயே நின்றாள்.