அகிலாண்டத்தின் சொந்தக் குரல்

என் மனைவி சாந்தரூபி பன்னிரண்டு வருடம் டிவி தொடர்களில் நடித்தாள். முதல் பத்து வருடம் அவள் வாயசைத்தாள். பேசியது வேறொரு பெண். அந்தக் குரல்காரி வளசரவாக்கத்தில் இருந்தாள். ரூபிக்கு அவள்மேல் கோபமில்லை. தீபாவளிக்கு மக்ரூன் வாங்கிக்கொண்டு போய்க் கொடுப்பாள். ஆனால் ஒவ்வொரு தடவை ஊருக்குத் திரும்பும்போதும் ஒரே பேச்சுத்தான்.

"ஒருக்கா எண்டாலும் என்ர குரல் வரவேணும். பிறகு என்னை வீட்டுக்கு அனுப்பினாலும் பரவாயில்லை."

அவள் மன்னார்க்காரி. 2006இல் படகில் வந்து, கொஞ்ச காலம் முகாமில் இருந்து, தூத்துக்குடியை ஒட்டிய முத்தையாபுரத்தில் சித்தி வீட்டுக்கு வந்தவள். எங்கள் பலசரக்குக் கடைக்குச் சீனி வாங்க வந்து, என்னிடம் "சீனி இருக்கோ?" என்று கேட்டாள். அந்த "இருக்கோ"வை மறுபடி கேட்பதற்காகவே இல்லையென்று சொன்னேன். சீனி மூட்டை என் முதுகுக்குப் பின்னால்தான் இருந்தது. அவளுக்கும் அது தெரிந்திருக்கிறது. கல்யாணமான பிறகு சொன்னாள்.

ஒரு தொடருக்காக உப்பளத்தில் படம் பிடிக்க வந்தார்கள். சாவு வீட்டுக் கூட்டத்தில் நிற்க உள்ளூர்ப் பெண்கள் தேவைப்பட்டார்கள். ரூபியும் போனாள். அழச் சொன்னதும் கிளிசரின் இல்லாமலே அழுதுவிட்டாள். நிறுத்தச் சொல்லத்தான் மூன்று பேர் வர வேண்டியிருந்தது. அடுத்த மாதமே சென்னைக்குக் கூப்பிட்டார்கள். அதன்பின் மாதத்தில் பன்னிரண்டு நாள் சென்னை, மற்ற நாள் கடை.

அங்கே வசனத்தை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. கேமராவுக்குப் பின்னால் ஒருவர் வரிவரியாக வாசிப்பார். அதைக் கேட்டு வாயசைத்தால் போதும். குரலைப் பிறகு சேர்த்துக்கொள்வார்கள். "உங்க தமிழ் அழகா இருக்கும்மா, ஆனா மாமியாருக்கு ஒத்துவராது" என்று இயக்குநர் நேசக்குமார் சொல்லிவிட்டார். அதனால் அவள் சென்னைப் பேச்சுப் பழகினாள். வாடிக்கையாளர்களிடம், "வாங்க, என்ன வேணும்ங்க?" என்று ஆரம்பித்து, மூன்றாவது வார்த்தையில் மன்னாருக்குப் போய்விடுவாள். "ஆமா" என்பதற்கு மட்டும் எப்போதும் "ஓம்"தான்.

வாயசைத்து நடித்த கடைசித் தொடரில் அவள் அகிலாண்டம் என்ற கொடுமைக்கார மாமியார். மருமகளின் பாலில் விஷம் கலந்த வாரம், மீன் விற்கும் ஞானபாய் கடைக்கு வந்து கூடையை இறக்கினாள்.

"அண்ணாச்சி, அரைக் கிலோ பருப்பு. நீங்க நிறுத்துத் தாங்க. பால்ல வெசம் வச்சவ கையால நான் ஒண்ணும் வாங்க மாட்டேன்."

"அது நடிப்பு, ஞானபாயக்கா" என்றாள் ரூபி.

"ஏளா, நடிப்புன்னா அம்புட்டு ஆசையாவா கலக்குவ? சிரிச்சிட்டேல்லா கலக்குன!"

நான்கு மாதம் ஞானபாய் அவளோடு பேசவில்லை. எங்களுக்கு மட்டும் சாளை மீன் வராமல் போனது. ரூபி ரொம்ப வருத்தப்பட்டாள். இந்த ஊருக்கு வந்த புதிதில் அவளை எங்கள் ஊர்ப் பெண்ணைப்போல உரிமையோடு முதலில் "ஏளா" என்று கூப்பிட்டவள் ஞானபாய்தான்.

அவள் நடிக்க வந்த பத்தாவது வருடம், ஞானபாயின் கோபம் தீருமுன்பே, அகிலாண்டத்தைச் சாகடிக்க முடிவு செய்தார்கள். ஆஸ்பத்திரிக் கட்டில், வாயில் ஆக்ஸிஜன் முகமூடி, மருமகளிடம் மன்னிப்பு. படம் பிடித்தாயிற்று. குரல் சேர்க்க வேண்டிய காலையில் குரல்காரிக்குத் தொண்டை கட்டிவிட்டது. சாயங்காலத்துக்குள் சேனலுக்கு அனுப்பியாக வேண்டும். நேசக்குமார் ரூபியைப் பார்த்தார்.

"முகமூடிக்குள்ள உதடு தெரியாது. நாலு வரிதான். நீங்களே பேசிடுங்க. ஆனா ஒண்ணு, இலங்கை வாடை வந்துதுன்னா சேனல்காரங்க என்னைத் தொலைச்சிடுவாங்க."

ஒத்திகை பார்க்க ரூபி உடனே எனக்குப் போன் செய்தாள். நான் ஒரு கையால் உளுந்து அள்ளிக்கொண்டே, மறுமுனையில் "என்னை மன்னிச்சிடும்மா" என்பதை இருபது தடவை கேட்டேன். எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

ஒளிபரப்பான அன்று அவள் ஊருக்கு வந்துவிட்டாள். கடை டிவி முன்னால் கூட்டம். அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து என் சட்டையை இறுகப் பிடித்திருந்தாள். ஞானபாயும் வந்து, ரூபியைப் பார்க்காமல் தள்ளி நின்றாள்.

திரையில் அகிலாண்டம் மூச்சு வாங்கினாள். முதல் மூன்று வரி அசல் சென்னை. அப்புறம் மருமகள் கையைப் பிடித்தாள்.

"ஏளா... என்னய மன்னிச்சிருளா. தெரியாமப் பண்ணிட்டேன்ளா."

கடை வெடித்தது. "ஏளான்னுட்டா! டிவில ஏளான்னுட்டா!" என்று எங்கள் தெருவே கத்தியது. ரூபி முகத்தை என் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள்.

"மன்னார் வரக்கூடாது எண்டு கவனமா இருந்தனான். மன்னிப்புக் கேக்கேக்க கண்ணை மூடினன். ஞானபாயக்காதான் முன்னால வந்தா. வாய் தன்பாட்டுக்குச் சொல்லிப்போட்டுது. திருத்த நேரமில்லை எண்டு அனுப்பிப்போட்டினம். இனி என்னைக் கூப்பிட மாட்டினம்."

ஞானபாய் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "ஏ மூதி, எங்கிட்டயாளா கேட்ட? அதுக்கு ஏன் சாவணும்? கடைக்குள்ள நின்னே கேட்டிருக்கலாம்லா!" மறுநாள் காலை ஒரு சட்டி சாளை வந்தது. துக்க வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுவருகிற முகத்தோடுதான் கொடுத்தாள்.

ஒரு வாரம் போன் வரவில்லை. ரூபி மிளகாய் வற்றலைத் தேவையில்லாமல் மூன்று தடவை புடைத்தாள். எட்டாம் நாள் நேசக்குமார் பேசினார். எனக்கும் கேட்கட்டும் என்று அவள் போனைத் தராசுப் பக்கத்தில் வைத்தாள்.

"சேனல்ல எல்லாருக்கும் அந்தக் குரல் பிடிச்சுப்போச்சும்மா. அடுத்த தொடர் தூத்துக்குடி ஹார்பர்ல மீன் ஏலம் எடுக்கிற பொம்பளையைப் பத்தி. நீங்கதான், உங்க குரல்தான். அந்த ஊர்ப் பேச்சு அசலா வருது. பத்து வருஷமா நான்தான் கவனிக்காம விட்டுட்டேன். நீங்க தூத்துக்குடிதானே?"

ரூபி என்னைப் பார்த்தாள். கண் நிறைந்திருந்தது.

"ஓம்" என்றாள்.

 மறுமுனையில் அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "சரிம்மா. அந்த ஒண்ணை மட்டும் ஷூட்டிங்ல சொல்லிடாதீங்க."

அந்த ஏலக்காரியாக இரண்டு வருடம் சொந்தக் குரலில் பேசினாள். போன ஆவணியில் போய்ச் சேர்ந்தாள். இப்போது மதியம் மறு ஒளிபரப்பு ஓடுகிறது. அந்த நேரத்துக்கு ஞானபாய் கூடையோடு வந்து உட்கார்ந்துகொள்வாள். பதினான்காம் பகுதியில் வியாபாரி ஒருவன் விலை படியுமா என்று கேட்க, ரூபி சட்டென்று "ஓம்" என்கிறாள். யாரும் கவனிக்காமல் விட்டிருக்கிறார்கள். நாங்கள் இரண்டு பேரும் அதற்காகத்தான் காத்திருப்போம்.